முப்பத்தைந்தாவது தலைவலி

மங்கையர்க்கரசிக்குத் தலைவலி நின்றுபோனது 2043ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு புதன்கிழமை. அதற்கு முன் இருபத்தாறு வருடம் கூடவே இருந்தது. கல்யாணத்துக்கு வந்தது, பிரசவத்துக்கு வந்தது, வீடு குடிபுகுந்த அன்றும் வந்தது. கணவர் கலியமூர்த்தியைவிட ஏழு வருடம் மூத்த உறவு.

அது ஒற்றைத் தலைவலி. மாதத்துக்கு இரண்டு தடவை. முதலில் இடது கண்ணோரம் வெளிச்சம் கோணல்மாணலாக ஓடும். அரை மணி நேரத்தில் தலையின் இடது பாதி தனியாக ஒரு ஆளைப் போலத் துடிக்க ஆரம்பிக்கும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனை அறவே ஆகாது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். முதல் நாள் முழுக்க வலி. மறுநாள் வலி வடிந்திருக்கும், ஆனால் எழுந்திருக்க மாட்டாள்.

அந்த இரண்டு நாளும் உறையூரில் அந்த வீடு மாறிவிடும். கலியமூர்த்தி பொன்மலை ரயில் பணிமனையில் ஃபோர்மேன். சம்மட்டிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அவர் ரகசியம் சொன்னாலே இரண்டு வீடு தள்ளிக் கேட்கும். மனைவிக்குத் தலைவலி என்றால் வாயே திறக்க மாட்டார். எதுவானாலும் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவார். தன் கணவர் இறந்த பிறகு அவர்களோடு வந்து தங்கிவிட்ட கலியமூர்த்தியின் அக்கா அம்சவல்லி, தொலைக்காட்சித் தொடரைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். வசனத்தை அவளே உதட்டுக்குள் சொல்லிக்கொள்வாள். குக்கர் விசில் அடிக்கும் என்று சோறு பானையில் வேகும். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் யாழிசை, வாய்விட்டுப் படிக்கிற பாடத்தையெல்லாம் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்விடுவாள்.

மங்கைக்கு வேலை, குடிநீர்ப் புகார் மையத்தில். அந்தக் காலத்தில் எல்லா அலுவலகத் தொலைபேசிகளையும் இயந்திரக் குரல்களே எடுத்துப் பேசின. புகார் மையத்திலும் அப்படித்தான் வைத்துப் பார்த்தார்கள். இயந்திரத்தைத் திட்டினால் ஜனங்களுக்குத் திருப்தியில்லை. மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டார்கள். அதனால் திட்டு வாங்குவதற்கென்று பன்னிரண்டு மனிதர்களைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். அவர்களில் மங்கை ஒருத்தி. நாளைக்குத் தொண்ணூறு அழைப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காதில் இன்னும் யாரோ திட்டிக்கொண்டிருப்பார்கள்.

தெருமுனை நலவாழ்வு மையத்தில் டாக்டர் ஹசீனா புதிதாக வந்திருந்தார். முப்பத்திரண்டு வயதிருக்கும். மேசையில் எப்போதும் ஆறிப்போன டீ ஒன்று இருக்கும். தலைவலிக்கு ஒரு புது ஊசி வந்திருப்பதாகவும், மாவட்டத்தில் முன்னூற்று நாற்பது பேருக்குப் போட்டுப் பார்க்கப் போவதாகவும் அவர் சொன்னார். ஊசியின் பெயர் நோவிலிமாப். நோவிலி என்றே எல்லோரும் சொன்னார்கள். கலியமூர்த்தி மனைவியோடு போய் எதிரே உட்கார்ந்து, இரும்பு வாங்கப் போன இடத்தில் விசாரிப்பதைப் போல விசாரித்தார்.

"இது மாத்திரை மாதிரி இல்ல சார்," என்றார் ஹசீனா. "உடம்புக்குள்ள கிருமி நுழைஞ்சா அதைப் பிடிக்க ரத்தத்துல ஆன்டிபாடி உண்டாகும். எத்தனையோ தினுசு. ஒவ்வொண்ணும் ஒரு ஆளை மட்டும்தான் பிடிக்கும். அதுல நமக்கு வேண்டிய ஒரு தினுசை உண்டாக்குற செல்லை மட்டும் தனியா எடுத்து, அதையே கோடிக்கணக்குல பெருக்குவோம். அப்ப வர்ற ஆன்டிபாடி எல்லாம் ஒண்ணு மாதிரியே ஒண்ணு இருக்கும். மோனோகுளோனல் ஆன்டிபாடின்னு பேரு."

"ஒரே அச்சுல வார்க்கிறீங்க," என்றார் கலியமூர்த்தி.

"அப்படியே வெச்சுக்கலாம். புற்றுநோய்க்கு, மூட்டுவாதத்துக்கு, ஆஸ்துமாவுக்கெல்லாம் ஏற்கெனவே தனித்தனி அச்சு இருக்கு. தலைவலிக்கும் இருந்துச்சு, மாசாமாசம் போட்டுக்கணும். இது வருஷத்துக்கு ஒண்ணு. மண்டைக்குள்ள நரம்பு நுனியில வலியைக் கிளப்பிவிடுற ஒரு சின்னப் புரதம் இருக்கு. இது நேரா போய் அதைக் கட்டிப் பிடிச்சுக்கும். வேற எதையும் தொடாது."

வேலை செய்யாமல் போனால் என்று கலியமூர்த்தி கேட்டார். சிலருடைய உடம்பு இந்த ஆன்டிபாடியையே வெளியாள் என்று நினைத்து, அதைப் பிடிக்கத் தானாக ஒரு ஆன்டிபாடியை உண்டாக்கிவிடும், அப்படிப்பட்டவர்களுக்கு ஊசி பலிக்காது, நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எதில் வளர்க்கிறீர்கள் என்றும் கலியமூர்த்தி கேட்டார். எப்போதோ ஒரு காலத்தில், எலியைப் போன்ற ஒரு சின்னப் பிராணியிடம் எடுத்த செல்லை இன்றுவரை ஆய்வகத்தில் வளர்த்து வருகிறார்கள், அதில்தான் என்றார் டாக்டர். கலியமூர்த்தி அதை வீட்டில் வந்து அப்படியே சொன்னார். அம்சவல்லி வெகுநேரம் யோசித்தாள். இப்போது எந்த எலியும் சாகவில்லை என்பதால் குற்றமில்லை, ஆனால் செவ்வாய் வெள்ளியில் மட்டும் வேண்டாம் என்று முடிவு சொன்னாள். புதன்கிழமை தொடையில் ஊசி போட்டார்கள். அவ்வளவுதான். தலைவலி அதோடு போனது.

முதல் மூன்று மாதம் மங்கை நம்பவேயில்லை. வெளிச்சம் கோணலாக ஓடுகிறதா என்று தினமும் இடது கண்ணைச் சுவரில் பதித்துப் பார்த்துக்கொள்வாள். ஒன்றும் ஓடவில்லை. வெயிலில் போனாள், பட்டினி கிடந்து பார்த்தாள், அம்சவல்லி மிளகாய் வறுக்கும்போது வேண்டுமென்றே பக்கத்தில் போய் நின்றாள். இருமல்தான் வந்தது. சந்தோஷத்தில் பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் அருளப்பனையும் அவளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அருளப்பனுக்கு வருவது வேறு வகை. ஒரு கண்ணுக்குப் பின்னால் கடப்பாரையை விட்டுத் திருகுவது போல வரும். வலி வந்தால் ஓடுகிற ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு, நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொள்வார். முட்டி முட்டி நெற்றியில் காய்த்துப் போயிருந்தது. அவருக்கும் நோவிலி பலித்தது.

நான்காவது மாதம்தான் மங்கைக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. சமையல், அலுவலகம், தொண்ணூறு திட்டு, திரும்பவும் சமையல். சனிக்கிழமை துணி. ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. முன்பெல்லாம் மங்கைக்கு முடியாது என்று சொல்லித் தள்ளிப்போட்ட உறவுக்காரர்கள், குணமாகிவிட்டதாமே என்று ஒவ்வொருவராகப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கலியமூர்த்தி மனசு நிறைந்து, நாலு வீடு கேட்கும்படி பேசினார். அம்சவல்லி நான்கு மாதமாகச் சத்தத்தோடு தொடர் பார்த்தாள். எல்லோரும் மங்கையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கோபமாக யாரும் கூப்பிடவில்லை. சீப்பு எங்கே, பெருங்காயம் எங்கே, அந்த ஆள் பேர் என்ன என்றுதான்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, வெண்டைக்காய் நறுக்கும்போது அவளுக்கு விஷயம் புரிந்தது. அவள் இழந்தது அந்த இரண்டாவது நாளை. வலி வடிந்த பிறகும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாளே, அந்த நாள். அன்றைக்கு அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. வாரக்கணக்கில் ஓடிய பிறகு அவளுக்கென்று கிடைத்த ஒரே நாள் அது. அதற்கு முதல் நாள் முழுக்க வலியால் விலை கொடுத்துவிட்டுத்தான் அதை அனுபவித்தாள். ஊசி இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

கத்தியை வைத்துவிட்டு, தலை வலிக்கிறது என்றாள்.

வீடு சட்டென்று அடங்கியது. தொடரின் சத்தம் நின்றது. கலியமூர்த்தி சீட்டும் பேனாவும் தேடினார். மங்கை அறைக்குள் போய்ப் படுத்து, அரை மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவ்வளவு இனிமையாக இருந்தது. இனிமையாக இருந்ததே குற்றமாகவும் இருந்தது. அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

யாழிசை தண்ணீர் கொண்டுவந்தாள். அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நெத்தி முழுக்கக் கையை வெச்சா யாரும் நம்ப மாட்டாங்கம்மா. கண்ணை மூடிக்கோ. யார் வந்தாலும் உடனே திறக்காத, ரெண்டாவது தடவை கூப்பிட்டதும் திற," என்றாள்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று மங்கை கேட்டாள். ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பரீட்சைக்கு வந்த வயிற்றுவலியை நினைவுபடுத்திவிட்டு மகள் எழுந்து போனாள்.

மகள் சொல்லிக்கொடுத்தும் மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் கலியமூர்த்தி எட்டிப் பார்த்தபோது மங்கை வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான்கு மாதத்தில் பக்கம் மறந்துபோயிருந்தது. இடது பக்கம்தானே வரும் என்று அவர் சீட்டில் எழுதிக் கேட்டார். இப்போது வலது பக்கத்துக்கு மாறிவிட்டது என்றாள். அவர் முகம் மாறியது. பணிமனையில் ஒரு பக்கம் கேட்கிற சத்தம் மறு பக்கம் கேட்டால் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. மனைவி விஷயத்தில் மட்டும் சும்மா இருப்பாரா? நோவிலி போட்டுக்கொண்டவர்களுக்குக் கொடுத்திருந்த கைபேசிச் செயலியைத் திறந்து, அவளைக் கேட்காமலேயே புகார் பதிவு செய்தார். வருடக்கணக்காகப் புகார் கேட்கிற ஒருத்தியின் பெயரில் பதிவான முதல் புகார் அது.

திங்கட்கிழமை டாக்டர் ஹசீனாவே வீட்டுக்கு வந்துவிட்டார். ரத்தம் எடுத்தார். பக்கம் எப்போது மாறியது, எத்தனை மணி நேரம் இருந்தது, வாந்தி வந்ததா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மங்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் கலியமூர்த்தி கவலையோடு தலையை ஆட்டினார். கிளம்பும்போது டாக்டர் சோர்வாக ஒரு விஷயம் சொன்னார். பத்துக்கு ஒருவருக்கு மேல் ஊசி பலிக்கவில்லையென்றால், நோவிலியைக் கைவிட்டுவிட வேண்டும் என்பது அரசு நிபுணர் குழுவின் விதி. முன்னூற்று நாற்பது பேரில் இதுவரை முப்பத்து நான்கு பேர் வலி திரும்பிவிட்டதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். மங்கை முப்பத்தைந்தாவது. மாதக் கடைசியில் அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்கப்புறம் யாருக்கும் அடுத்த வருட ஊசி கிடையாது.

அன்று மங்கைக்கு நிஜமாகவே லேசாகத் தலை வலித்த மாதிரி இருந்தது.

மறுநாள் அருளப்பன் வந்தார். செய்தி அதற்குள் தெருவுக்குப் பரவியிருந்தது. வாசலிலேயே நின்றார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. கையில் ஒரு பழைய ரப்பர் ஐஸ் பை. தனக்கு இப்போது தேவைப்படுவதில்லை, அக்காவுக்கு ஆகட்டும் என்று கொண்டுவந்தாராம். சண்டை போட வந்திருப்பார் என்று மங்கை நினைத்திருந்தாள்.

"ரொம்ப வலிக்குதாக்கா?" என்று கேட்டார். "வலிச்சா மறைக்காதீங்க. எங்களுக்காகப் பொறுத்துக்க வேணாம். நாளைக்கு ஊசியே இல்லைன்னு ஆனாலும் உங்க மேல ஒண்ணும் நினைக்க மாட்டேன். எனக்கு மூணு மாசம் கிடைச்சுது."

நெற்றியில் காய்த்திருந்த இடம் உதிர்ந்து, புதுத் தோல் வெளுப்பாக வந்திருந்தது. மங்கை ஐஸ் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவர் போன பின் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வீடு முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நேராக நலவாழ்வு மையத்துக்குப் போனாள்.

ஹசீனா கணினித் திரைக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மங்கை உட்காரக்கூட இல்லை. நின்றபடியே, எனக்கு வலிக்கவில்லை, வலித்ததாகப் பொய் சொன்னேன் என்றாள். ஏன் என்று டாக்டர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதனால்தான் மங்கைக்கு அழுகை வந்தது. வெண்டைக்காயிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாவது நாள், துண்டுச் சீட்டு, பானைச் சோறு, மிளகாய் வறுத்தபோது போய் நின்றது எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "வலி வேணாம் டாக்டர். அந்த ரூம் வேணும். அதை எப்படிக் கேக்குறதுன்னு தெரியல," என்றாள்.

டாக்டர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

திரையில் ஒரு நாள்காட்டி. முப்பத்தைந்து பேரும் வலி என்று குறித்த நாட்களெல்லாம் சிவப்பாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகள் வரிசையாகச் சிவந்திருந்தன. பள்ளிக்கூடக் கோடை விடுமுறை முழுக்கச் சிவப்பு. ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் ரத்தக்களரி.

"ஞாயித்துக்கிழமைக்கும் வலிப் புரதத்துக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன்க்கா," என்றார் ஹசீனா. "ரத்தத்துல பார்த்தா அஞ்சே பேருக்குத்தான் எதிர் ஆன்டிபாடி இருக்கு. மத்த முப்பது பேருக்கும் மருந்து அப்படியே நிக்குது. புரதத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா வலிக்குதுங்கிறாங்க. நான் மருந்தைச் சந்தேகப்பட்டேன், குளிர்பெட்டியைச் சந்தேகப்பட்டேன், ஊசி போட்ட நர்ஸம்மாவை அழ வெச்சேன். இதை யோசிக்கவே இல்லை."

முப்பது பேரும் பெண்களா என்று மங்கை கேட்டாள். இருபத்தெட்டுப் பேர் பெண்கள், இரண்டு ஆண்கள், இரண்டு ஆண்களும் கூட்டுக் குடும்பம் என்றார் டாக்டர்.

அடுத்த பத்து நாளும் ஹசீனா மற்ற இருபத்தொன்பது பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். யாரையும் குற்றம் சொல்லாமல், யார் பெயரையும் வெளியே விடாமல், வேறு யாரோ ஒருவருக்கு நடந்ததைப் போல மங்கையின் கதையைச் சொன்னார். இருபத்து நான்கு பேர் தலையைக் குனிந்துகொண்டு புகாரைத் திரும்பப் பெற்றார்கள். மங்கையோடு சேர்த்து இருபத்தைந்து. பாக்கி ஐந்து பேர் கடைசிவரை வலிக்கிறது என்றே சாதித்தார்கள். ஊசி தப்பித்தது.

ஆனால் ஹசீனா அதோடு விடவில்லை. அறிக்கையில் உண்மையை எழுதினார். மருந்து பலிக்கிறது, ஆனால் வலியோடு சேர்த்து நோயாளிகள் ஓய்வையும் இழந்திருக்கிறார்கள், அந்த ஓய்வை மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் உடம்புக்கும் மனசுக்கும் மேலும் நல்லதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். நிபுணர் குழுவுக்கு அது வினோதமாக இருந்தாலும் மறுக்கக் காரணம் தெரியவில்லை. நோவிலி போட்டுக்கொண்டவர்களில் நாற்பது பேர். 'அ' குழுவுக்கு மாதத்தில் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை, வீட்டார் கையெழுத்தோடு. 'ஆ' குழு வழக்கம்போல இருக்க வேண்டும். மாதாமாதம் ரத்தம், தூக்கம், மனநிலை எல்லாம் கணக்கெடுக்கப்படும். நான்கு மாதம்.

கலியமூர்த்தி கையெழுத்துப் போட வந்தார். மனைவியின் வலி எப்படித் திடீரென்று சரியானது என்று அவர் கேட்கவில்லை. புகார் தீர்ந்தது என்று செயலியில் வந்துவிட்டது, அவருக்கு அது போதும். படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொள்வதும் மருந்தா என்று கேட்டார். அதைத்தான் கண்டுபிடிக்கப் போகிறோம் என்றார் ஹசீனா. நல்ல விஷயம், ஆராய்ச்சி என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று அவர் சொன்னது மையத்தின் வாசல்வரை கேட்டது.

யார் எந்தக் குழு என்பதைக் கணினிதான் குலுக்கிப் போட்டது. மங்கைக்கு 'ஆ' விழுந்தது.

ஹசீனாவுக்கே சங்கடமாகிவிட்டது. மாற்றிப் போட்டால் சோதனை கெட்டுவிடும் என்று மெதுவாகச் சொன்னார். மங்கை பரவாயில்லை என்றாள். ஒரு முறை பொய் சொல்லிப் பட்டது போதும், விதிப்படியே இருக்கிறேன் என்று வாக்கும் கொடுத்தாள். வீட்டுக்கு வரும் வழியில், 'அ' விழுந்த ஒரு பெண் பேருந்து நிறுத்தத்தில் தானாகச் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு மாதம் வாக்குத் தவறாமல் இருந்தாள். கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, கலியமூர்த்தியின் பெரியப்பா மகன் மன்னார்குடியிலிருந்து குடும்பத்தோடு வந்தார். ஏழு பேர். தலைவலி இருந்த காலத்தில் அவர்கள் வந்ததே கிடையாது. காலை எட்டு மணிக்கு வந்தார்கள், ஒன்பது மணிக்கு இட்லி முடிந்தது, தோசை வேண்டும் என்றார்கள். மன்னார்குடிக்காரரின் மனைவி கூடத்திலிருந்தபடியே, மங்கை கை தோசை எப்போதும் முறுகலாக இருக்கும் என்று புகழ்ந்தாள். அம்சவல்லி தேங்காய் எங்கே என்று கேட்டாள். யாழிசை சார்ஜர் எங்கே என்று கேட்டாள். கலியமூர்த்தி கூடத்திலிருந்து, அந்த ஆள் பேர் என்ன என்று கேட்டார்.

மங்கை அடுப்பை அணைத்தாள். தோசைத் திருப்பியைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றாள்.

"எனக்குத் தலை வலிக்கல," என்றாள். யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. "ஆனா நான் போய்க் கதவைச் சாத்திக்கப் போறேன். நாளைக்குச் சாயங்காலம் வருவேன்."

கலியமூர்த்தி எழுந்து வந்தார். பழக்கதோஷத்தில் சட்டைப்பையில் சீட்டைத் தேடி, பிறகு தன்னால் முடிந்த அளவு மெதுவாகக் கேட்டார்.

"வலது பக்கமா, இடது பக்கமா?"

"எந்தப் பக்கமும் இல்லைங்க."

"அப்புறம் என்னத்துக்கு?"

அவளுக்கு ஆயிரம் காரணம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு தீர்வு சொல்வார் என்றும் தெரிந்தது.

"சும்மா," என்றாள்.

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கட்டிலில் படுத்துப் பழக்கப்படி ஈரத்துணியைத் தேடினாள். அது எதற்கு என்று தோன்றியது. வலியில்லை என்று சொல்லிவிட்டு வந்ததால் வெளியே யாரும் சத்தத்தைக் குறைக்கவில்லை. குக்கர் விசில் அடித்தது. தொடரில் யாரோ அழுதார்கள். அது ஒன்றும் தொந்தரவாகவே இல்லை. பக்கத்து ஊரில் நடக்கிற திருவிழாவைப் போலக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து திரையை விலக்கி ஜன்னலைத் திறந்தாள். அந்த அறையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டு மாடிக் கொடியில் ஒரு ஆரஞ்சு நிறப் புடவை காற்றில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை மத்தியானம்வரை பார்த்தாள்.

வெளியே கலியமூர்த்தி தோசை வார்த்தார். முதல் நான்கு எதற்கும் உதவவில்லை. ஐந்தாவதிலிருந்து மன்னார்குடிக்காரர்கள் சாப்பிட்டார்கள். தேங்காய் இருந்த இடத்தை அம்சவல்லி தானே கண்டுபிடித்தாள். அந்த ஆள் பேர் என்னவென்று கடைசிவரை தெரியவில்லை. அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது மங்கை டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னாள். நான் 'ஆ' குழுவின் விதியை மீறிவிட்டேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். என்ன காரணம் சொல்லிக் கதவைச் சாத்தினீர்கள் என்று ஹசீனா கேட்டார். சும்மா என்று சொன்னேன் என்றாள். கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் ரத்தம் கொடுக்கக் காத்திருந்த 'ஆ' குழுவினர் பதினாறு பேரும் பேச்சை நிறுத்தியிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

மாசி மாதம் சோதனையின் முடிவு வந்தது. ஹசீனா தொலைபேசியில் கூப்பிட்டார். சிரிக்கிறாரா, நொந்துபோயிருக்கிறாரா என்று மங்கையால் பிரிக்க முடியவில்லை.

"ஊசி எல்லா மையத்துக்கும் வரப்போகுதுக்கா. அனுமதி குடுத்துட்டாங்க. அது நல்ல செய்தி," என்றார். "நம்ம சோதனைதான் போச்சு. 'அ' குழு நல்லா தூங்குறாங்க, ரத்த அழுத்தம் குறைஞ்சிருக்கு, சந்தோஷமா இருக்காங்க. ஆனா 'ஆ' குழுவும் அதே அளவுக்கு இருக்காங்க. இருபதுல பத்தொன்பது பேர் கதவைச் சாத்தியிருக்காங்க. நான் அதை அறிக்கையிலேயே எழுதி அனுப்பினேன். நிபுணர் குழு அதை அடிக்குறிப்புல போட்டுட்டு, ரெண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை, அதனால ஓய்வால பிரயோஜனம் இல்லைன்னு முடிவு எழுதிட்டாங்க."

கதவைச் சாத்தாத அந்த ஒருத்தி யார் என்று மங்கை கேட்டாள். அந்தம்மா வீட்டில் அவர் மட்டும்தான் இருக்கிறார் என்றார் ஹசீனா.

பங்குனியில் இரண்டாம் வருட ஊசி வந்தது. அருளப்பன் முதல் ஆளாகப் போய்ப் போட்டுக்கொண்டார். இந்த முறை புதுப் பெட்டி, உள்ளே அச்சடித்த விளக்கத்தாள். கலியமூர்த்தி எந்த விளக்கத்தாளையும் விடாமல் படிப்பவர். சனிக்கிழமை காலை கூடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அக்காவுக்கும் கேட்கட்டும் என்று வாய்விட்டுப் படித்தார். குளிர்பெட்டியில் வைக்கவும். குலுக்கக் கூடாது. இம்மருந்தை எடுத்துக்கொள்வோருக்குத் தனியான ஓய்வு தேவையில்லை என ஆய்வில் நிரூபிக்கப்பட்டுள்ளது.

அந்த வரியை இன்னொரு முறை மனசுக்குள் படித்தார். அறைக்கதவைப் பார்த்தார், காலையிலிருந்து சாத்தியிருந்தது. தாளை நாலாக மடித்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தார். மாவு புளித்துவிட்டதா என்று அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

அம்சவல்லி அதற்குள் எழுந்து, தலையணையை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.